மறுபடியும் த ஃபிப்த் எலிமென்ட்: எங்கள் மொட்டை மாடியில் வருஷா வருஷம் கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், ஓண லீவு வந்தால் ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி இந்தப் படத்தைப் போடுவோம். பொள்ளாச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் வருவார்கள், அக்கம்பக்கத்தார் பாயோடு ஏறி வருவார்கள். ஒவ்வொரு வருஷமும் புதிதாக நாலைந்து பேர் இருப்பதால் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. படம் ஓடும்போது பதில் சொன்னால் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொந்தரவு. அதனால் எழுதி வைத்துவிட்டேன். படம் பார்க்காதவர்கள் முதல் ஏழு கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் கதையின் முடிச்சுகள் வருகின்றன.

ஏனுங்கண்ணா, இது என்ன படம்? கதைய ரெண்டு வரில சொல்லுங்க.

1997இல் வந்த படம். பிரெஞ்சு இயக்குநர் லுக் பெஸ்ஸான் ஆங்கிலத்தில் எடுத்தது, 126 நிமிடம். ஐயாயிரம் வருஷத்துக்கு ஒருமுறை உலகத்தை அழிக்க ஒரு தீய சக்தி வருகிறது. அதைத் தடுக்க நான்கு கற்களும் ஐந்தாவதாக ஓர் உயிரும் வேண்டும். அந்த உயிர் லீலூ என்ற பெண்ணாக உருவெடுத்து, ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பி, நியூயார்க்கில் பறக்கும் டாக்ஸி ஒன்றின் கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுகிறாள். டாக்ஸி ஓட்டுபவர் கோர்பென் டல்லாஸ். மற்றதெல்லாம் அதிலிருந்துதான்.

வருசா வருசம் இதே படந்தானா? கதை தெரிஞ்சு போச்சே, அப்புறம் பார்க்க என்ன இருக்கு?

கதைக்காக ஒரு தடவை போதும், ஒத்துக்கொள்கிறேன். நான் திரும்பப் பார்ப்பது அதில் வேலை செய்கிறவர்களுக்காக. எதிர்காலக் கதை என்றால் விஞ்ஞானி, தளபதி, வில்லன் என்று மூன்று வகை ஆட்கள்தான் பெரும்பாலும் இருப்பார்கள். இந்தப் படத்திலோ டாக்ஸிக்காரர், ஜன்னலுக்கு ஜன்னல் படகில் மிதந்து வந்து சாப்பாடு விற்கிற கிம், டிக்கெட் சரிபார்க்கும் விமானப் பணிப்பெண், சம்பளத்துக்கு அடியாள் வேலை செய்பவன், பாதிரியார் சொன்னதை அரைகுறையாகச் செய்கிற சீடப் பையன் என்று எல்லோரும் இருக்கிறார்கள். விமான நிலையத்தில் குப்பை மலையாகக் குவிந்து கிடக்கும். ஏன் என்றால் குப்பை அள்ளுகிறவர்கள் வேலைநிறுத்தம். எதிர்காலத்திலும் குப்பையை யாரோ அள்ள வேண்டும் என்று நினைத்துப் பார்த்த படம் இது.

ஒருமுறை ஒரே ஓர் ஆளை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். போன வருஷம் நான் கிம்மைப் பார்த்தேன். மொத்தமே சில நிமிடங்கள்தான் வருகிறார். கோர்பெனுக்கு ஒரு கடிதம் வந்து விழுகிறது. நல்ல செய்தி என்று கிம் சாப்பாட்டைப் பந்தயம் கட்டுகிறார். பிரித்தால் வேலை போய்விட்டது என்ற செய்தி. சரி, மதியச் சாப்பாடாவது கிடைத்ததே என்கிறார் கோர்பென். கெட்டதிலும் நல்லதைப் பார்க்கும் அந்தப் பேச்சு கிம்முக்குப் பிடித்துப்போகிறது. இரண்டு ஏழைகளின் நட்பு அந்த ஜன்னலில் முழுசாக இருக்கிறது.

குழந்தைகளைக் கூட்டிட்டு வரலாமுங்களா?

பத்து வயசுக்கு மேல் வரலாம். லீலூ உருவாகும் ஆய்வுக்கூடக் காட்சியில் அவள் உடம்பில் துணி குறைவு, அதை நான் ஓட்டிவிடுவேன். விமானத்தில் ரேடியோக்காரர் ரூபி ராட் பணிப்பெண்ணோடு இருக்கும் இடமும் அப்படியே. துப்பாக்கிச் சண்டை நிறைய உண்டு. லீலூ போர்ப் படங்களைப் பார்த்து அழும் இடத்தில் சின்னவர்கள் பயப்படலாம். அந்த நேரம் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பூதத்துல அஞ்சாவது ஆகாயம்தானே? இவுங்க என்ன ஒரு பொண்ணைச் சொல்றாங்க?

கேள்வி ரொம்பச் சரி. நமக்குக் காஞ்சிபுரம் நிலம், திருவானைக்காவல் நீர், திருவண்ணாமலை நெருப்பு, காளஹஸ்தி காற்று, சிதம்பரம் ஆகாயம். மேற்கே பழைய கிரேக்கர்களும் நிலம், நீர், நெருப்பு, காற்று என்று நான்கைத்தான் முதலில் சொன்னார்கள். விண்ணில் இருக்கும் பொருள் இந்த நான்கிலும் சேராதது என்று அரிஸ்டாட்டில் ஐந்தாவதாக ஈதரைச் சேர்த்தார். ஆக, அவர்களுடைய ஐந்தாவதும் ஏறக்குறைய நம் ஆகாயம்தான்.

படம் அந்த ஐந்தாவது இடத்தில் ஆகாயத்தை எடுத்துவிட்டு ஓர் உயிரை வைக்கிறது. நான்கு கற்களும் நான்கு மூலையில் நிற்கும், நடுவில் அவள். எங்கள் மாடியில் ஒரு பாட்டி, “சிதம்பரத்துல நடுவுல ஆடறவர் மாதிரியா?” என்று கேட்டார். இயக்குநர் அப்படி நினைத்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் கடைசிக் காட்சி வரும்போதெல்லாம் அந்தக் கேள்வி எனக்கு ஞாபகம் வருகிறது.

ஒரு டாக்ஸிக்காரரைப் போயி எதுக்கு ஹீரோவா வச்சாங்க?

முதலில் அப்படி வைக்கவில்லை. பெஸ்ஸான் இந்தக் கதையைப் பதினாறு வயசில் எழுதத் தொடங்கியவர். ஆரம்ப வடிவத்தில் நாயகன் ராக்கெட் தொழிற்சாலைத் தொழிலாளி. படத்தின் உலகத்தை வரைய இரண்டு பெரிய பிரெஞ்சு காமிக்ஸ் ஓவியர்களை அழைத்தார்: மோபியஸ் என்கிற ஜான் ஜிரோ, அப்புறம் ஜான் குளோத் மெசியேர். மெசியேர் அந்தச் சமயத்தில் தன் வலேரியன் காமிக்ஸுக்காகப் பறக்கும் டாக்ஸிகளை வரைந்துகொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் நாயகன் டாக்ஸிக்காரர் ஆகிவிட்டார். அதே வலேரியனை 2017இல் பெஸ்ஸான் தனிப் படமாகவே எடுத்தார்.

என் அப்பா பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே இருபது வருஷம் அம்பாசடர் ஓட்டியவர். இந்தப் படத்தை அவரோடு உட்கார்ந்து பார்த்தபோது விண்கலம், அரக்கர் எதுவும் அவரை அசைக்கவில்லை. கோர்பென் காலையில் எழுந்து வண்டியில் ஏறியதும், லைசன்ஸில் இத்தனை புள்ளிதான் மிச்சம் என்று வண்டியே சொல்லும். அங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். போலீஸ் துரத்தும்போது அந்தப் பெண்ணை ஒப்படைத்துவிட்டால் கோர்பெனுக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. ஒப்படைக்காவிட்டால் லைசன்ஸ் போகும், அதோடு சோறும் போகும். அவர் வண்டியைக் கிளப்புகிறார். “லைசன்ஸைத் தூக்கிக் குடுத்துட்டான்” என்று அப்பா சொன்னார். உலகத்தைக் காப்பாற்றுவதைவிட அது பெரிய காரியம் என்று ஓட்டுநர் வீட்டில் பிறந்தவர்களுக்குப் புரியும்.

அந்தப் பொண்ணு பேசறது எந்த பாஷை? கீழ எழுத்தும் வர மாட்டேங்குதே, பிரிண்ட் கோளாறா?

பிரிண்ட் சரியாகத்தான் இருக்கிறது. அது பெஸ்ஸான் உருவாக்கிய மொழி, சுமார் 400 சொற்கள். லீலூவாக நடித்த மில்லா ஜோவோவிச்சும் அவரும் அதைப் பழகிப் பழகி, படப்பிடிப்பு முடிவதற்குள் அதிலேயே பேசிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டார்கள். கீழே எழுத்துப் போடாதது வேண்டுமென்றே. கோர்பெனுக்கு எவ்வளவு புரிகிறதோ அவ்வளவுதான் நமக்கும் புரிய வேண்டும்.

டாக்ஸிக்குள் விழுந்தவள் மூச்சு விடாமல் பேசுகிறாள், அவருக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. வண்டிக்குள் அநாதைக் குழந்தைகளுக்கு உதவி கேட்டு ஒரு விளம்பரம் ஒட்டியிருக்கிறது. அதிலுள்ள ‘தயவுசெய்து உதவுங்கள்’ என்ற இரண்டே சொற்களை எழுத்துக் கூட்டிப் படித்துச் சொல்கிறாள். போன பதிலில் சொன்ன முடிவை கோர்பென் எடுப்பது அந்த நிமிஷம்தான். எங்கள் பக்கத்தில் வீட்டில் தமிழ் பேசிவிட்டு மலையாளப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். தண்ணீர் கேட்பதற்குச் சுவரில் இருந்த எழுத்தைத் தொட்டுக் காட்டியது எனக்கே ஞாபகம் இருக்கிறது. இந்தக் காட்சிக்கு எங்கள் மாடியில் யாரும் விளக்கம் கேட்டதில்லை.

எல்லாத்துக்கும் “மல்டிபாஸ், மல்டிபாஸ்”ங்கறாளே, அது என்ன?

அடையாள அட்டை, பயண அனுமதி, லைசன்ஸ் எல்லாம் சேர்ந்த ஒரே அட்டை. 2020இல் வாளையாரிலும் வேலந்தாவளத்திலும் இ-பாஸ் இல்லாமல் தாண்ட முடியாமல் நின்றவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. முக்கால் மணி நேரத் தூரத்தில் இருந்த அத்தை வீட்டுக்குப் போக எங்களுக்கு அன்றைக்கு இரண்டு மாநிலத்து அனுமதி தேவைப்பட்டது. அந்த வருஷம் படம் போட முடியவில்லை. அடுத்த முறை போட்டபோது லீலூ அட்டையை நீட்டியதும் மாடியே சேர்ந்து “மல்டிபாஸ்!” என்றது. இப்போது அது வழக்கமாகிவிட்டது.

விமான நிலையக் காட்சியை இந்தக் கண்ணோடு பாருங்கள். ஃப்லோஸ்டன் என்ற உல்லாச ஊருக்குப் போகும் டிக்கெட் கோர்பென் பேரில் இருக்கிறது. சீடப் பையன் நான்தான் கோர்பென் என்று வருகிறான். நிஜ கோர்பென் வருகிறார். அரக்கர் கூட்டத்தில் ஒருவன் வேஷம் மாறி அதே பேரில் வருகிறான். வில்லனின் ஆளும் அதே பேரைச் சொல்லிக்கொண்டு வருகிறான். கவுன்டரில் நிற்கும் பெண் ஒவ்வொருவரிடமும் முகம் கோணாமல் அட்டை கேட்கிறாள்.

எதிர்காலம்னா இருட்டா, மழையா, கறுப்பாத்தானே காட்டுவாங்க? இது தேர்க்கடை மாதிரி இவ்வளவு கலரா இருக்கே?

இருட்டு வராந்தாக்களும் கறுப்பு விண்கலங்களும் பெஸ்ஸானுக்குச் சலித்துவிட்டன. பட்டப்பகல் வெளிச்சத்தில் எதிர்காலத்தைக் காட்ட நினைத்தார். லீலூவின் ஆரஞ்சுத் தலைமுடி, மஞ்சள் டாக்ஸி, கோர்பெனின் ஆரஞ்சுப் பனியன், நீல நிறப் பாடகி எல்லாம் அந்த முடிவின் பலன். உடைகள் பாரிஸின் ஜான் போல் கோத்தியே வடிவமைத்தவை, 900க்கு மேல். கூட்டத்தில் ஓரமாக நடந்து போகிறவர்களின் சட்டையைக்கூட யோசித்துத் தைத்திருக்கிறார்கள். ஒரு தடவை உடைகளுக்காக மட்டும் பாருங்கள் என்று தையற்கடை வைத்திருக்கும் என் சித்தியிடம் சொன்னேன். அவர் படத்தை முப்பது இடத்தில் நிறுத்தினார். லீலூவின் அந்த ஆரஞ்சுத் தலைமுடிக்காக ஜோவோவிச்சின் சொந்த முடிக்குத் திரும்பத் திரும்பச் சாயம் போட்டதில் அது பாழாகி, பிறகு விக் வைத்தே நடித்தார்.

இவ்வளவு பழைய படத்துல கிராபிக்ஸ் எப்படி இன்னும் நல்லா இருக்கு?

பாதிக்கு மேல் கையால் கட்டியது என்பதால். நியூயார்க் கட்டடங்களை 24இல் ஒரு பங்கு அளவில் மாதிரியாகச் செய்து படம்பிடித்து, பறக்கும் வண்டிகளைக் கணினியில் சேர்த்தார்கள். அரங்கங்கள் லண்டன் பக்கத்துப் பைன்வுட் ஸ்டூடியோவில் போட்டவை. எகிப்து என்று வரும் மணல்வெளி மொரிட்டானியா. பட்ஜெட் சுமார் 9 கோடி டாலர். அந்த நாளில் ஐரோப்பாவில் எடுத்த படங்களிலேயே அதிகம். சிறப்பு விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட விருதும் கிடைத்தது.

நீலமா நிக்கற அம்மா பாடறது நிஜமான குரலா, மெஷினா?

நிஜக் குரல். திரையில் நிற்பவர் மாய்வென், பாடியவர் அல்பேனியாவில் பிறந்த இன்வா முலா. முதல் பகுதி, இத்தாலிய இசையமைப்பாளர் டோனிசெட்டியின் ‘லூசியா டி லாம்மெர்மூர்’ என்ற 1835ஆம் ஆண்டு ஓபராவில் (பாட்டாலேயே நடக்கும் நாடகம்), மனம் பேதலித்த நாயகி பாடுவது. அதற்கப்புறம் தாளம் மாறித் துள்ளுவது படத்தின் இசையமைப்பாளர் எரிக் செரா போட்டது. ஒரு தொண்டையால் அவ்வளவு வேகத்தில் தாவ முடியாத இடங்களில் மட்டும், முலா தனித்தனியாகப் பாடிய ஸ்வரங்களைக் கணினியில் ஒட்டியிருக்கிறார்கள். காட்சியை எடுத்தது லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில்.

எனக்கு இந்தப் படத்திலேயே உயர்ந்த ஐந்து நிமிடம் இதுதான். பாட்டு மெதுவாக இருக்கும்வரை கேமரா அரங்கத்தில் இருக்கிறது. துள்ளத் தொடங்கியதும் இன்னொரு அறையில் லீலூ தனியாக அரக்கர்களோடு சண்டை போடுவதை நடுநடுவே வெட்டிக் காட்டுகிறார்கள். அடியும் ஸ்வரமும் ஒன்றாக விழுகின்றன. கச்சேரி கேட்டுப் பழகியவர்கள் கையால் தாளம் போட்டுக்கொண்டே பாருங்கள். பாடகி கடைசியாகக் கையை விரிக்கும்போது சண்டையும் முடிந்திருக்கும்.

அந்த ரூபி ராட் கத்தறது தலைவலி. ஓட்டி விடுங்களேன்?

ஓட்டிவிட மாட்டேன். எனக்கும் முதல் இரண்டு தடவை எரிச்சலாகத்தான் இருந்தது. மூன்றாம் தடவை ஒன்று புரிந்தது. குண்டு வெடிக்கிற இடத்தில் மனுஷன் மாதிரி பயப்படுகிறவர் அவர் ஒருவர்தான். கோர்பென் பழைய ராணுவ மேஜர், கை நடுங்காது. ரூபி நேரலையில் பேசும் ரேடியோக்காரர், அலறலையும் அப்படியே ஒலிபரப்பிவிடுகிறார். ஓடாமல் கூடவே இருக்கவும் செய்கிறார். கிறிஸ் டக்கர் அதை முழு மூச்சாக நடித்திருக்கிறார்.

ஹீரோவும் வில்லனும் ஒரு சண்டைகூடப் போடலையே, ஏன்?

சண்டை என்ன, ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை. ஃப்லோஸ்டனில் ஒருவர் கிளம்ப, மற்றவர் வந்து சேர, லிஃப்ட் கதவு மூடும் நேரத்தில் தவறிப் போகிறார்கள். அந்த நொடியைத் தவற விடாதீர்கள்.

வில்லன் ஜோர்க்கை (கேரி ஓல்ட்மன்) வீழ்த்துவதெல்லாம் சின்ன விஷயங்கள். அழிவுதான் நாலு பேருக்கு வேலை கொடுக்கிறது என்று பாதிரியாரிடம் பாடம் எடுக்கிறான். அதற்கு உதாரணமாக ஒரு கண்ணாடி டம்ளரைக் கீழே தள்ளி உடைக்கிறான், உடனே குட்டி இயந்திரங்கள் ஓடிவந்து பெருக்குகின்றன. அடுத்த நிமிஷம் ஒரு செர்ரிப் பழம் அவன் தொண்டையில் அடைத்துக்கொள்கிறது. மேஜையில் எத்தனையோ பொத்தான், எதை அழுத்தியும் அவன் முதுகில் தட்ட ஒரு கை வரவில்லை. கடைசியில் தட்டுவது அந்தப் பாதிரியார்தான். இரண்டாவது கேள்வியில் வேலை செய்கிறவர்கள் என்று சொன்னேனே, அவர்களை மதிக்காத ஆளுக்கு என்ன ஆகிறது என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும்.

1914லிருந்து 300 வருசம்னா 2214தானே? 2263ன்னு சொல்றாங்களே?

கணக்குச் சரி, படத்தில்தான் இடிக்கிறது. முதல் காட்சி 1914 எகிப்து. அதற்கப்புறம் ‘300 வருஷம் கழித்து’ என்று எழுத்து வருகிறது. ஆனால் கோர்பெனின் கடிகாரம் 2263 காட்டுகிறது. அவர்கள் முந்நூறு என்று உருட்டாகச் சொல்லிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இதைக் கண்டுபிடித்த ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு அன்று இரண்டு பழம்பொரி கொடுத்தோம்.

உலகமே அழியப் போகுது, “காதலிக்கிறேன்”னு ஒரு வார்த்தை சொன்னதும் சரியாயிடுமா? இது ரொம்ப லேசா இல்லீங்களா?

எல்லோரும் கேட்பது இது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். முடிவை மட்டும் தனியாகப் பார்த்தால் லேசுதான். ஆரம்பத்தோடு சேர்த்துப் பாருங்கள். 1914இல் வேற்றுலகக் காவலர்கள் எகிப்துக் கோவிலிலிருந்து கற்களை எடுத்துப் போகிறார்கள். போர் வருகிறது, பூமியில் கற்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்கிறார்கள். முதல் உலகப்போர் தொடங்கிய வருஷம் அது. ஆக, அந்தக் கற்கள் பூமியை விட்டுப் போனதற்குக் காரணம் நாம்தான்.

அப்புறம் லீலூ நம் உலகத்தைப் பற்றிக் கணினியில் அகரவரிசையில் படித்துக்கொண்டே வருகிறாள். ஆங்கில அகரவரிசையில் போர் என்ற சொல் கடைசிப் பக்கம். பயணம் முடியும் நேரத்தில்தான் அதற்கு வருகிறாள். படங்கள் ஓடுகின்றன, அணுகுண்டுப் புகை வரை. அதுவரை சிரித்துக்கொண்டு கோழிக்கறி தின்ற பெண் உடைந்துபோகிறாள். காப்பாற்றி என்ன பயன், நீங்கள் உயிரை வைத்துச் செய்வது இதுதானே என்பது அவள் கேள்வி. கோவிலில் நான்கு கற்களும் திறந்த பிறகும் அவள் அசையாமல் கிடப்பது அதனால்தான். கோர்பெனின் வார்த்தை அந்தக் கேள்விக்குப் பதில். பழைய ராணுவக்காரன், அன்பைச் சொல்லத் தெரியாமல் படம் முழுக்கத் திணறியவன், அவன் வாயிலிருந்து வர வேண்டியிருக்கிறது. அதனால் எனக்கு அது லேசாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் பாருங்கள். கற்களைத் திறக்கும் விதம் தற்செயலாகத்தான் தெரிகிறது: ஒரு பெருமூச்சில் காற்றுக்கல், ஒரு பிடி மண், பிழிந்த வியர்வைத் துளி. நெருப்புக்கு இருப்பது ஒரே ஒரு தீக்குச்சி. கோர்பென் சிகரெட்டை விட முயல்கிறவர், அவர் வரும் முதல் காட்சியிலேயே சிகரெட்டில் முக்கால்வாசி வெறும் ஃபில்டர். அந்தக் கடைசிக் குச்சியைச் சுற்றி எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் விளக்கேற்றிப் பழகிய எங்கள் பெண்கள் கைகளைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பையனோட அம்மா போன் பண்ணிட்டே இருக்குதே, முகத்தையே காட்டலையே? யாராச்சும் அந்த அம்மாவுக்குத் திரும்பப் பண்ணினாங்களா?

இதைக் கேட்பது என் அம்மா, ஒவ்வொரு வருஷமும். கோர்பெனின் அம்மா படம் முழுக்க வெறும் குரல்தான். மகன் பரிசில் ஊர்ப்பயணம் ஜெயித்ததை ரேடியோவில் கேட்டு, என்னைக் கூட்டிப் போகவில்லையே என்று திட்டுகிறார். உலகம் பிழைத்த பிறகும் ஜனாதிபதியின் போனிலேயே வந்து, மகன் எங்கே என்று கேட்டுக் கத்துகிறார். மகன் ஆய்வுக்கூடத்தில் லீலூவோடு இருக்கிறான். படம் அந்தக் குரலோடுதான் முடிகிறது.

திரும்பப் பண்ணியதாகப் படத்தில் இல்லை, அம்மா. நாங்கள் வேட்டியை அவிழ்த்து மடித்து வைக்கும்போதும் அவர் லைனில்தான் இருக்கிறார்.